சுவரில் எழுதிய மழைக்கணக்கு
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வேளாண்மைத் துறையில் 33 ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்று நம் செயலாளர் கடிதம் எழுதியிருந்தார். எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் எழுதிக் கிழித்துப் போட்டேன். எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு என் அம்மாவிடம் போய் நின்றது. சரி, அம்மாவைப் பற்றியே பேசிவிடலாம் என்று வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் இந்தக் கோவை மண்ணில் வாழ்ந்த இன்னொரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இல்லையென்றால் இந்தப் பேச்சே இல்லை.

2024 செப்டம்பர் 27-ஆம் தேதி, மேட்டுப்பாளையம் பக்கம் தெக்கம்பட்டியில் பாப்பம்மாள் காலமானார். இயற்பெயர் ரங்கம்மாள். 1914 வாக்கில் தேவலாபுரத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, தெக்கம்பட்டியில் பாட்டியிடம் வளர்ந்தவர். குடும்பத்துச் சின்னக் கடையை நடத்தினார். அந்தக் கடையில் வந்த காசைச் சேர்த்து வைத்து நிலம் வாங்கினார். 10 ஏக்கர் வரை வாங்கியவர், வயதான பிறகு இரண்டரை ஏக்கரை மட்டும் வைத்துக் கொண்டு அதில் வாழை, காய்கறி, பயறு வகைகள் என்று இயற்கை முறையில் பாடுபட்டார். 1959-இல் பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நூறு வயது தாண்டியும் வயலுக்குப் போனார். நம் பல்கலைக்கழகத்து நிகழ்ச்சிகளுக்கும் வருவார். 2021-இல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

தோழர்களே, நாம் படித்த காலத்தில் ஊட்டிக்குச் சுற்றுலா போனோமே, நினைவிருக்கிறதா? லாலி ரோட்டிலிருந்து ஏறி, பஸ்ஸில் பாட்டுப் பாடிக் கொண்டே மேட்டுப்பாளையத்தைத் தாண்டிப் போனோம். அப்போது பாப்பம்மாளுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். பக்கத்திலேயே பவானி ஆற்றோரம் களை பிடுங்கிக் கொண்டிருந்திருப்பார். நாம் யாரும் பஸ்ஸை நிறுத்தி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரைத் தெரியாது, அதனால் கேட்கவில்லை என்று சமாதானம் சொல்லிக் கொள்ளலாம். ஆனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விவசாயி இருந்தார். அவரிடமும் நான் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

என் ஊர் ஜவளகிரி. நான் முதலாண்டு விடுதியில் சேர்ந்தபோது, "ஜவளகிரியா? ஆந்திராவா?" என்று கேட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். ஆந்திரா இல்லை ஐயா, தமிழ்நாடுதான். தேன்கனிக்கோட்டை வட்டம், தளி ஒன்றியம். அப்போது தருமபுரி மாவட்டம், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். காட்டைத் தாண்டினால் கர்நாடகம். அறுவடைக் காலம் நெருங்கினால் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் ஓசூர் வனக் கோட்டத்துக்குள் நுழையும். 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. இன்று எங்கள் பக்கத்துப் பையன்கள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். ஆனால் வானம் பார்த்த பூமியும் ராகியும் யானையும் அப்படியே இருக்கின்றன.

எங்களுக்கு ஆறு ஏக்கர் மானாவாரி நிலம், ஒரு கிணறு, பத்துப் பன்னிரண்டு மாடு, முப்பது ஆடு. அப்பா உழுவார், சந்தைக்குப் போவார், பஞ்சாயத்துப் பேசுவார். மற்றதெல்லாம் அம்மா. அம்மாவுக்குப் படிப்பு கிடையாது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களைத் திட்டுவதற்குத் தமிழ். ராகிக் கல்லைச் சுற்றும்போது மட்டும் கன்னடத்தில் பாடுவார். நாலு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டுத்தான் நாங்கள் புரண்டு படுப்போம்.

கையில் எது கிடைத்தாலும் அதை வேறொன்றாக மாற்றிவிடுவார். பழைய புடவைகளை அடுக்கித் தைத்த மெத்தையில் ராகிக் கதிரும் மாட்டுக் கொம்பும் பூவேலையாக இருக்கும். யானைக்குக் காவல் இருக்கிற பரணிலிருந்து வயலின் நாலு மூலைக்கும் கயிறு கட்டி, ஒவ்வொரு முனையிலும் எண்ணெய் டின்னுக்குள் கல்லைப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். படுத்தபடியே காலால் கயிற்றை இழுத்தால் நாலு பக்கமும் டின் அலறும். அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு அதே மாதிரி கட்டிக் கொண்டார்கள்.

இனி அந்தச் சுவருக்கு வருகிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையின் உள்சுவர் மண்சுவர், சாணி மெழுகியது. அதில் அம்மா சுண்ணாம்பைத் தொட்டுப் பொட்டு வைப்பார். சூரியன் 27 நட்சத்திரங்களில் ஒவ்வொன்றிலும் பதின்மூன்று, பதினான்கு நாள் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் மழையை மாதத்தை வைத்துச் சொல்ல மாட்டார்கள், நட்சத்திரத்தை வைத்துத்தான் சொல்வார்கள். திருவாதிரை மழை, புனர்பூச மழை, பூச மழை என்று. அம்மா ஒரு வருஷத்துக்கு ஒரு வரிசை வைத்திருந்தார். எழுத்துத் தெரியாததால் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு படம். ஏர் ஓட்டும் அளவுக்கு நனைத்த உழவு மழை என்றால் பெரிய பொட்டு, வெறும் தூறல் என்றால் சின்னப் பொட்டு, இடி மட்டும் என்றால் ஒரு கோடு. கிட்டத்தட்ட இருபது வரிசைக்கு மேல் இருந்தது.

சின்ன வயதில் நாங்கள் அதைக் கோலம் என்று நினைத்துக் கொண்டிருந்தோம். அப்பாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். விதைப்புக்கு முன்னால் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவைக் கேட்பார். அம்மா சுவரைப் பார்ப்பார். "திருவாதிரையில பேஞ்சு புனர்பூசம் காஞ்சுதுன்னா பூசம் வரைக்கும் பொறுக்கணும். இப்ப விதைச்சா மொளைச்சுட்டுச் செத்துரும்" என்பார். மழை ரொம்பத் தள்ளிப் போனால், "ராகிய விடு, கொள்ளு போட்டுக்கலாம்" என்பார். நான் பிற்பாடு இந்தக் கல்லூரியில் மாற்றுப் பயிர்த் திட்டம் என்று ஒரு பாடம் படித்துத் தேர்வு எழுதினேன். நல்ல மார்க்தான் வாங்கினேன். அது எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்து கொண்டிருந்தது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

1979-இல் பட்டத்தோடு ஊருக்குப் போனேன். கையில் இண்டாஃப் ராகி விதை. மண்டியாவில் லட்சுமணய்யா என்ற விஞ்ஞானி இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலப்புச் செய்து உருவாக்கிய ரகங்கள் அவை. இந்தியாவின் முன்பாதியும் ஆப்பிரிக்காவின் முன்பாதியும் சேர்ந்ததுதான் அந்தப் பெயர். ராகியின் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம்தான். பல ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் பிரிந்துபோன பங்காளிகளைத் திரும்பச் சேர்த்து வைத்த மாதிரி. விளைச்சல் எங்கள் பக்கத்து நாட்டு ராகியைவிட நன்றாக வரும்.

விதை நல்ல விதை. என் பேச்சுத்தான் கெட்ட பேச்சு. அம்மா எப்போதும் ராகியில் சில சாலுக்கு ஒரு சால் அவரை, துவரை, ஓரத்தில் ஆமணக்கு என்று கலந்து விதைப்பார். கன்னடத்தில் இதை அக்கடி சாலு என்பார்கள். நான் போய், "என்னம்மா இது, ஒரு வயல்ல நாலு பயிரு? உரமெல்லாம் வீணாப் போகுது. ராகி மட்டும் போடும்மா" என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அரை ஏக்கரா ஒனக்கு கண்ணு. மிச்சம் எனக்கு" என்றார்.

முதல் வருஷம் நல்ல மழை. என் அரை ஏக்கரில் ராகி குலுங்கியது. நான் ஊரெல்லாம் சொல்லிக் கொண்டு திரிந்தேன். இரண்டாம் வருஷம் கதிர் வாங்குகிற நேரத்தில் மழை நின்றுவிட்டது. என் அரை ஏக்கரை அறுத்து மாட்டுக்குப் போட்டோம். அம்மாவின் வயலிலும் ராகி பாதிதான். ஆனால் அவரை மார்கழிப் பனியிலேயே காய்த்தது. துவரை வந்தது, ஆமணக்கு வந்தது. அந்த வருஷம் வீட்டில் களியும் அவரைக்காய்ச் சாறும்தான். அம்மா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அடுத்த ஆடியில் என்னிடம் வந்து, "அந்த ஒன்னோட விதைய ரெண்டு படி குடு" என்று கேட்டார். இண்டாஃபையே எடுத்துத் தன் அவரைச் சாலுக்கு நடுவில் விதைத்தார்.

மாணவ மாணவியரே, இதை நீங்கள் கவனிக்க வேண்டும். படித்தவன் சொன்னதை அம்மா தள்ளவும் இல்லை, அப்படியே விழுங்கவும் இல்லை. நல்லதை எடுத்துத் தன் கணக்கில் சேர்த்துக் கொண்டார். லட்சுமணய்யா செய்த கலப்புக்கு மேல் ஜவளகிரியில் இன்னொரு கலப்பு நடந்தது. அதை நான் ஒரு குறிப்பாகக்கூட எழுதி வைக்கவில்லை.

அடுத்து நான் செய்தது இதைவிடப் பெரிய தப்பு. 1986-இல் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீட்டார் வரப் போகிறார்கள். அரசாங்க உத்தியோகஸ்தன் வீடு அழுக்காக இருக்கலாமா? ஆள் வைத்து, திண்ணைச் சுவரில் சிமெண்டுப் பூச்சுப் பூசி, வெள்ளையடித்துவிட்டேன். அம்மா அன்று காட்டிலிருந்து வந்து தலைச்சுமையை இறக்கி வைத்தார். சுவரைப் பார்த்தார். "வெள்ளையாத்தான் இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடு கட்டப் போய்விட்டார்.

இருபது வருஷத்து மழைக்கணக்கு. ஒரு மானாவாரிக் கிராமத்தில், ஒரே கையால், ஒரே இடத்தில் எடுத்த கணக்கு. நான் படித்த படிப்புக்கு அதன் மதிப்பு என்னவென்று வேறு யாரையும்விட எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானே பணம் கொடுத்து அழித்தேன்.

ஏன் எனக்குத் தெரியவில்லை என்று பிற்பாடு யோசித்தேன். பதில் வெட்கப்பட வேண்டியது. அம்மாவை நான் விவசாயி என்று நினைக்கவே இல்லை. அப்பாதான் விவசாயி. ரேஷன் கார்டில் அப்படித்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில், 1824-இல் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய மத்திகிரிக் கால்நடைப் பண்ணை இருக்கிறது. பண்ணை என்றால் ஒவ்வொரு மாட்டுக்கும் பதிவேடு உண்டு: தாய் எது, எத்தனை ஈற்று, எவ்வளவு பால் என்று. அம்மாவின் வேலைக்கு அப்படி ஒரு பதிவேடு எங்கும் கிடையாது. அவராகச் சுவரில் போட்டது ஒன்றுதான் இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொன்னால்தான் மனசு ஆறும். 2001-இல் அப்பா காலமானார். பட்டா மாற்ற வேண்டும். 1956 வாரிசுரிமைச் சட்டப்படியே அப்பா பங்கில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் உரிமை உண்டு. 1989-இல் தமிழ்நாடு இன்னும் ஒரு படி மேலே போய், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்தது. எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஊர் வழக்கப்படி அம்மாவும் அக்காவும் விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டும் கையெழுத்தும் வைத்தார்கள். பட்டா எனக்கும் தம்பிக்கும் ஆனது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் யாரையும் கேட்கவும் இல்லை.

அதன் பலன் என்ன? ஒரு வருஷம் யானை புகுந்து ராகியை மிதித்துவிட்டது. மூன்று ராத்திரி பரணில் கண்விழித்தது அம்மா. நிவாரணத்துக்கு மனு எழுதியபோது நிலம் யார் பேரில் என்று பார்த்தால், திருவண்ணாமலையில் உத்தியோகம் பார்க்கிற என் பேரில். 2019-இல் விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டம் வந்தது. நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் பணம். எண்பது தாண்டியும் களை பிடுங்கிக் கொண்டிருந்த அம்மா அந்தக் கணக்கில் விவசாயி இல்லை. என் அம்மா மட்டும் இல்லை, 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியா முழுதும் நூறு சாகுபடிப் பிடிமானங்களில் பெண்கள் பேரில் இருந்தவை ஏறத்தாழ 14 தான். வயலில் போய் எண்ணிப் பாருங்கள், கணக்கு வேறு மாதிரி இருக்கும்.

இங்கேதான் எனக்குப் பாப்பம்மாள் புரிகிறார். அவர் உழைப்பு பெரியது, சந்தேகமில்லை. அதே அளவு உழைத்த பெண்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். பாப்பம்மாள் கடைக் காசில் நிலத்தைத் தானே வாங்கினார். பஞ்சாயத்தில் உட்கார்ந்தார். படித்தவர்கள் கூடுகிற இடத்துக்குத் தானே நடந்து வந்தார். அதனால் அவரை விவசாயி என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊரிலிருந்து எல்லை தாண்டிப் போனால், கர்நாடகத்தில் மாகடி தாலுகா ஹுலிகல் கிராமம். அங்கே ஒரு திம்மக்கா. கூலி வேலை செய்தவர். பிள்ளை இல்லை என்று, கணவரோடு சேர்ந்து ரோட்டோரத்தில் ஆலமரக் கன்று நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி 385 மரத்தை வளர்த்தவர். 2019-இல் பத்மஸ்ரீ வந்தது. நூறு தாண்டி வாழ்ந்து 2025 நவம்பரில் மறைந்தார். திம்மக்காவின் மரங்கள் ரோட்டோரத்தில் நிற்கின்றன, போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கலாம். என் அம்மா வளர்த்ததையோ வருஷா வருஷம் நாங்கள் சாப்பிட்டுவிட்டோம். அதில் மிச்சம் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட வேலையை யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு.

அம்மா 2022 தை மாதம் போய்ச் சேர்ந்தார். வயது தொண்ணூறு இருக்கும். ஆதார் அட்டையில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று போட்டிருக்கிறது. அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜனவரி 1-இல்தானே பிறந்தார்கள்! அந்த வருஷத்து ராகி அடித்து முடித்து, போர் போட்டாகிவிட்டது. அவரை விதைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்து, சாம்பல் போட்டுப் பானையில் அடைத்து வைத்துவிட்டுத்தான் படுத்தார்.

காரியத்துக்கு அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்கா அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். சமையல்கட்டுக்குப் போகிற வழியில் தினசரிக் காலண்டர் தொங்கிக் கொண்டிருந்தது. கிழித்த தாள்களையெல்லாம் ஒரு ஆணியில் குத்தி வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன். சில தாளில் பேனாவால் பெரிய பொட்டு, சிலதில் சின்னப் பொட்டு, சிலதில் கோடு.

"என்னக்கா இது?" என்றேன்.

"மழைடா. அம்மா சொல்லிக் குடுத்தது. நீ செவுத்துக்கு வெள்ளையடிச்சப்புறம், அம்மா என்கிட்ட, 'நீயாச்சும் எழுதி வை'ன்னாங்க. ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. 36 வருஷத்துத் தாள் பழைய தகரப் பெட்டியில் கட்டுக் கட்டாக இருந்தது. சிலது கரையான் அரித்திருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை.

மறு வருஷம் என் பங்கிலிருந்து ஒரு பகுதியை அக்கா பேருக்கு எழுதிக் கொடுத்தேன். இதைத் தியாகம் என்று யாரும் கை தட்ட வேண்டாம். அவளுக்குச் சேர வேண்டியதைக் காலம் கடந்து கொடுத்தேன், அவ்வளவுதான். அம்மாவுக்குக் கொடுக்க முடியாமல் போய்விட்டது. இப்போது அக்காவும் நானும் உட்கார்ந்து அந்தத் தாள்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக் கொண்டு வருகிறோம். நான் எழுதுகிறேன், அவள் சொல்கிறாள். ஒரு நாளைக்கு ஒரு மாதம்தான் ஓடுகிறது. ஒவ்வொரு பொட்டுக்கும் அவளிடம் ஒரு கதை இருக்கிறது.

முடித்துக் கொள்கிறேன். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இப்போது ராகி பட்டணத்துக் கடையில் பளபளக்கும் பொட்டலத்தில் கிடைக்கிறது. நல்லது. ஆனால் அது பொட்டலத்துக்கு வரும்வரை காப்பாற்றி வைத்தது யார் என்று அந்தப் பொட்டலத்தில் போட மாட்டார்கள்.

மாணவ மாணவியரே, இறுதியாண்டில் நீங்கள் கிராமத்தில் தங்கிப் படிக்கப் போவீர்கள். கையில் கேள்வித்தாள் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டு வாசலில் நின்று, "ஐயா இருக்காரா?" என்று கேட்பீர்கள். உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்து, "அவரு வெளிய போயிருக்காரு" என்பார். தயவுசெய்து திரும்பி வந்துவிடாதீர்கள். அங்கேயே உட்காருங்கள். "நீங்க சொல்லுங்கம்மா, எந்த மழைக்கு என்ன விதைப்பீங்க?" என்று கேளுங்கள். சொல்வதை அவர் பேரைப் போட்டு எழுதிக் கொள்ளுங்கள். விடுமுறைக்குப் போகும்போது உங்கள் சொந்த அம்மாவிடமும் பாட்டியிடமும் இதையே கேளுங்கள்.

என்னோடு படித்த நண்பர்களுக்கு ஒன்று. நம்மில் சிலருக்கு இன்னும் அம்மா இருக்கிறார்கள். இந்தக் கூட்டம் முடிந்ததும் ஊருக்குப் போன் போடுங்கள். சௌக்கியமா, மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடாமல், இந்த வருஷம் மழை எப்படி என்றும் கேளுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துக் கொள்ளுங்கள்.